புகை போட்ட படக்கதை

பழைய படக்கதைப் புத்தகம் ஒன்றை மூக்கருகே கொண்டுவந்தால், அது எந்த வீட்டில் வளர்ந்தது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. மலைப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்கு மூக்கு தானாகப் பழகிவிடும். யார் கூடையில் பலாப்பழம் இருக்கிறது, யார் மூட்டையில் காப்பிக்கொட்டை ஈரமாக இருக்கிறது என்பதையெல்லாம் கண்ணால் பார்த்தா கண்டுபிடிக்கிறோம்? விடுதிப் பெட்டியில் கிடந்த புத்தகத்தில் சோப்பு வாசம் இருக்கும். சேலம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கியதில் டீசலும் ஊதுபத்தியும் கலந்திருக்கும். அடுப்புப் புகை வந்துவிட்டால் நான் மேற்கொண்டு முகர்வதில்லை. அது மாரமங்கலத்து அண்ணன் வீட்டுப் புத்தகம்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி, அங்கிருந்து மாரமங்கலம் வரை போகும் தனியார் பஸ் எங்களுடையது. எட்டாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் படக்கதைதான். ஏற்காட்டில் பெரிய பள்ளிக்கூடங்கள் இருந்ததால் எனக்கு யோகம். கோடை விடுமுறைக்கு விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது பெட்டியில் இடம் போதாமல் போட்டுவிட்டுப் போகும் புத்தகங்கள், கடைவீதிப் பழைய பேப்பர் கடைக்கு மூட்டையாக வந்து சேரும். கடைக்காரர் எடைக்கு எடுத்ததை எடைக்கே கொடுத்துவிடுவார். எழுபதுகளில் பழைய படக்கதைக்கு அதற்கு மேல் மரியாதை கிடையாது. நான் ஒருவன்தான் மூட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு தரம் பிரித்துக்கொண்டிருப்பேன். அட்டையும் கம்பிப் பின்னும் பின்னட்டையும் நலமாக இருந்தால் ‘சீட்டு’. அட்டை மடங்கியிருந்தால், குறுக்கெழுத்தை யாராவது பேனாவால் நிரப்பியிருந்தால் ‘ஸ்டாண்டிங்’. அட்டையே இல்லையென்றால் ‘டாப்பு’. எனக்குத் தெரிந்த உலகம் பஸ்தானே, வேறு எப்படிப் பிரிப்பது?

அண்ணன் எனக்குப் பழக்கமானது ஒரு கேள்வியால்தான். ஆரஞ்சுக் கூடையோடு ஏறியவர், டிக்கெட்டை வாங்கிக்கொண்டு என் பைக்குள் எட்டிப்பார்த்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில், “ஏனுங் தம்பி, அந்தக் குதிரைக்காரன் பாலத்துல இருந்து உழுந்தானே, பொழைச்சுட்டானுங்களா?” என்று கேட்டார். சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடப்பது போன்ற கவலை முகத்தில் இருந்தது. பிழைத்துவிட்டான் என்றேன். அவர் கூடையிலிருந்து இரண்டு பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

அவருக்கு எழுத்து தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. படிப்பது அக்கா, அவர் மனைவி. ஐந்தாவது வரை படித்தவர். பொழுது சாயும் நேரத்தில் வாசலில் உட்கார்ந்து அக்கா படிப்பார், அண்ணன் படம் பார்ப்பார். வில்லனுக்கு ஒரு குரல், போலீசுக்கு ஒரு குரல், குதிரைக்குக்கூட ஒரு குரல் வைத்திருந்தார் அக்கா. பக்கத்து வீட்டுப் பெண்கள், “உங்க ஊட்டுல நாலஞ்சு ஆம்பளைங்க சண்டை போடற சத்தம் கேக்குதே” என்று கிண்டல் செய்வார்களாம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தம் வேண்டுமென்றால் அக்காதான் போட வேண்டும்.

வார விடுப்பில் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். புத்தகமெல்லாம் எங்கே என்றேன். அண்ணன் அடுப்புக்கு மேலே கையைக் காட்டினார். பரணில் ராகிக் கதிரும் சாமை விதையும் தொங்கிய இடத்துக்குப் பக்கத்தில், மூங்கில் தட்டில், வரிசையாகப் படக்கதைகள். கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல டிகாஷன் நிறம். துருப்பிடித்த பின்னையெல்லாம் பிடுங்கிவிட்டு, சணல் நூலால் தைத்திருந்தார்.

“விதையைப் பின்ன எங்கீங்க வெப்பாங்க?” என்று அண்ணன் என்னைத் திருப்பிக் கேட்டார். புகை பட்டால் பூச்சி அண்டாது, பூஞ்சணம் பிடிக்காது. மலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கொள்ளும். ஏற்காட்டில் என் டிரங்குப் பெட்டியில் பாச்சா உருண்டை போட்டுப் பூட்டிவைத்த ‘சீட்டு’ப் புத்தகங்களில் பாதியில் பச்சைப் பூசணம் படர்ந்திருந்தது உண்மைதான். அவர் தரம் பிரிப்பதும் களத்துக் கணக்குத்தான். நல்லது விதைக்கு. அது பரணை விட்டு இறங்காது. அடுத்தது சோற்றுக்கு. அது படிக்க. கிழிந்தது மாட்டுக்கு, அதாவது இரவல் கேட்டு வருகிறவர்களுக்கு.

மெனக்கெட்டு இதைச் சொல்வதற்குக் காரணம் ஒரு முக்குளிப்பவன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த இரண்டு பாகக் கதை அது. கடலுக்கடியில் மூழ்கிய கப்பலில் ஒரு பெட்டி. பித்தளைத் தொப்பி மாட்டிக்கொண்டு நாயகன் இறங்குகிறான். மேலே படகில் வில்லன் கத்தியை எடுத்து, அவனுக்குக் காற்று போகும் குழாயை அறுக்கிறான். மீதி அடுத்த இதழில் என்று போட்டு முடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் பெருமழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸும் லாரியும் நின்றன. பாதை திறந்தபோது அதற்கடுத்த மாத இதழ் வந்துவிட்டது. நடுவில் வந்த அந்த ஒரு புத்தகம் மலை ஏறவேயில்லை.

நானும் தேடாத இடமில்லை. சேலத்துக் கடைகளில் கேட்டால், “அது அப்பவே போயிருச்சுங்க” என்று ஏதோ கல்யாணமாகிப் போன பெண்ணைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்கள். அக்கா பஸ்ஸில் ஏறும்போதெல்லாம், “அந்த ஆளு இன்னும் தண்ணிக்குள்ளயேதான் இருக்காருங்களா தம்பி?” என்பார். கடலை அவர் பார்த்ததில்லை. ஏற்காட்டு ஏரிதான் அவருக்குத் தெரிந்த பெரிய தண்ணீர். ஒருநாள் அண்ணன் கூரைமேல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அண்ணன் மனசு கேட்காமல் இருக்கிறாரே என்று, முதல் பாகத்தின் பின்னட்டையை வைத்துக்கொண்டு அக்காவே ஒரு முடிவைப் படித்துவிட்டாராம். முதல் தடவை ஒரு பெரிய மீன் காற்று கொண்டுவந்து கொடுத்ததாம். அடுத்த தடவை வில்லனின் அம்மா படகில் இருந்தாளாம், மகனை ஓர் அறை விட்டுக் குழாயைக் கட்டிவிட்டாளாம். கடைசியில் அக்காவுக்கே பிடித்துப்போன முடிவு, அவன் நடந்தே வந்துவிட்டான் என்பது. “கடலுக்குள்ளயும் மேடு பள்ளம் இருக்குமில்லீங்க? மேட்டைப் பாத்து ஏறிட்டே இருந்தா கரை வந்துருமில்ல?” அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள் என்று வேறு கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை.

இதற்குள் பழைய படக்கதையின் தலையெழுத்தே மாறிவிட்டது. வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது. புதுப் புத்தகங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நிற்க நிற்கப் பழசுக்கு மவுசு ஏறியது. எடைக்குப் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் ஒரு நாள் ஒரு புத்தகத்தை மட்டும் தனியாக எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தார். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, இனி மூட்டைக்குள் தலை விட முடியாது என்று. பட்டணத்திலிருந்து ஆட்கள் பாலித்தீன் பையோடு மலைக்கு வர ஆரம்பித்தார்கள். அட்டையை நுனி விரலால் தொட்டார்கள். உள்ளே என்ன கதை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர்களில் எனக்குப் பிடித்தவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒரு முதலாளி. வெள்ளியின் சுத்தத்தை ‘டச்’ என்றுதான் அந்தத் தெருவில் சொல்வார்கள். புத்தகத்துக்கும் அவர் டச்சே சொல்வார். எண்பது டச்சு, எழுபது டச்சு. நூறு டச்சுப் புத்தகம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது, அச்சடித்தவன் கை பட்டதுமே ஒன்று குறைந்துவிட்டது என்பார். அவரிடம்தான் அந்த இரண்டாம் பாகம் இருப்பதாக ஒருநாள் பேச்சுவாக்கில் தெரிந்தது. தொண்ணூறு டச்சு. கொடுப்பதாக இல்லை. ஆனால் பழைய தீபாவளி மலர் ஒன்றை அவர் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். அது அண்ணனின் பரணில் இருந்தது. விதைப் புத்தகம். கேட்டதும் அண்ணன் யோசிக்காமல் இறக்கிக் கொடுத்தார். முதலாளி வாங்கிப் பிரித்தார், முகர்ந்தார், சணல் நூலைத் தடவினார். “இதை என்ன, வேகவெச்சாங்களா? நாப்பது டச்சுகூடத் தேறாது கண்டக்டரே” என்று இரண்டு விரலால் திருப்பிக் கொடுத்தார்.

சரி, போனால் போகிறது என்று விட்டிருப்போம். ஆனால் அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி. பல வருஷமாகவே இருந்ததுதான். மலையில் பலருக்கும் இருக்கிற கழுத்துக் கழலை. அது பெருத்து, விழுங்கச் சிரமமாகி, சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் நரம்பு அதை ஒட்டியே போகிறது, குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணன் இதை என்னிடம் சொன்னது வாழவந்தி தாண்டி ஒரு வளைவில். பஸ் காலியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அந்தப் பொஸ்தகத்தை அவ வாயால ஒருக்கா கேட்டுப்போடோணுங்க தம்பி. அப்பறம் அவ படிக்க முடியலீன்னாலும் எனக்குப் போதும்.”

அவ்வளவுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல்நாள் இருவரும் என் பஸ்ஸில் மலையிறங்கிச் சேலம் வந்தார்கள். நான் ஒரு டிரிப்பை இன்னொரு கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு அவர்களைப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். அண்ணன் தீபாவளி மலரைத் துண்டில் சுற்றி மீண்டும் எடுத்து வந்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. பட்டறையில் நாலைந்து பெண்கள் பாயில் உட்கார்ந்து கொலுசுக் கண்ணிகளைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். அமில நெடி அடித்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் அவர் முகம் சுருங்கியது.

“விக்கறதுக்கில்லீங்கம்மா. இரவலும் குடுக்கறதில்லை.”

“எனக்கு எதுக்குங்க அது. அந்த ஆளு மேல வந்தாரா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும்.”

“எந்த ஆளு?”

“தண்ணிக்குள்ள உட்டுட்டு வந்தமே, அவருதாங்க. நீங்க படிச்சிருப்பீங்கல்ல, வாயில சொன்னாக்கூடப் போதுங்க.”

முதலாளி தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணி கோத்துக்கொண்டிருந்த பெண்களில் மூத்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். “மொதலாளி எங்க படிச்சாருக்கா? பையைப் பிரிச்சாத்தான?”

சிரிப்பு எழுந்தது. முதலாளியும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அக்காவின் கழுத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, இரும்புப் பெட்டியைத் திறந்து புத்தகத்தைக் கொண்டுவந்தார். நிபந்தனை ஒன்றுதான். புத்தகத்தை அவர்தான் பிடிப்பார். முதுகு மடங்காமல் ஒரு விரற்கடை மட்டும் திறப்பார், அந்த இடுக்கு வழியாக அக்கா படித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியே நடந்தது. முதலாளி சம்மணமிட்டு உட்கார்ந்து, அடைகாக்கும் கோழிக்கடியில் இருந்து முட்டை எடுப்பவர் போலப் புத்தகத்தைப் பிடித்தார். அக்கா தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். அண்ணனுக்குப் படம் தெரியவில்லை. ஆனால் அவர் அக்காவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டி அழுத்தியதில் அக்காவின் குரல் கரகரத்தது. இருந்தும் வில்லனுக்கு வில்லன் குரல், படகோட்டிக்குப் படகோட்டி குரல். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம். மூலையில் ஊதுகுழலால் வெள்ளியைப் பற்றவைத்துக்கொண்டிருந்த ஆள் தீயை அணைத்துவிட்டார். கண்ணி கோக்கும் கைகள் நின்றன. மூத்த பெண், “மொதலாளி, கையைக் கொஞ்சம் நகத்துங்க, எங்களுக்குப் படமே தெரியல” என்றார். முதலாளி நகர்த்தினார். அவருக்கே தெரியாமல் விரற்கடை இரண்டாகி, அப்புறம் கையகலமாகியது. தண்ணீருக்குள் குழாய் அறுந்த இடத்தில், அடுத்து என்ன என்று அவரும் உள்ளே எட்டிப்பார்த்தபோது புத்தகம் விரியத் திறந்து, முதுகில் ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். எல்லோருக்கும் கேட்டது. அக்கா நிறுத்திவிட்டார்.

முதலாளி ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, “படிங்கம்மா” என்றார்.

கதையின் முடிவைச் சொல்கிறேன், ஏமாந்து போகாதீர்கள். நாயகனின் இடுப்பில் இன்னொரு காற்றுப் பை இருந்திருக்கிறது. நான்கே படத்தில் மேலே வந்துவிட்டான். போலீஸ் படகும் வந்துவிட்டது. சுபம்.

அக்கா பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவுதானுங்களா?” என்றார். இத்தனை வருஷம் அந்த மனிதனுக்காகக் கவலைப்பட்டதற்கு யாரோ சரியாக மரியாதை செய்யவில்லை என்பது போல இருந்தது அந்தக் குரல்.

அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். “நீ படிச்சதுல நடந்துல்ல வந்தாரு. அதுதான் நல்லாருந்துச்சு.”

அக்கா திரும்பிப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியுமா?”

“சோப்பு வெளம்பரத்தைப் பாத்துட்டே ஒருத்தி அரைமணி நேரம் கதை படிச்சா, எழுத்துத் தெரியாதவனுக்குக்கூடத் தெரியும் புள்ள.”

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அக்கா சிரித்த சிரிப்பில் கழுத்துக் கட்டி குலுங்கியது. கொலுசுப் பெண்களெல்லாம் அந்த இன்னொரு முடிவைச் சொல்லச் சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா சொன்னார். கடலுக்கடியில் மேட்டைப் பார்த்து ஏறி ஏறி, ஒரு வேர்க்கடலைக் காட்டுப் பக்கம் அவன் கரையேறினான். முதலாளி கையில் திறந்த புத்தகத்தை வைத்துக்கொண்டே கேட்டார்.

எல்லாம் முடிந்து அவர் புத்தகத்தின் முதுகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவில் ஒரு கோடு, அட்டையில் வியர்வைக் கட்டை விரல். நான் பார்க்கக் கூசினேன். “நாப்பது டச்சு” என்றார், தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்து, “அந்த வேகவெச்ச தீபாவளி மலர் என்ன டச்சு சொன்னேன் கண்டக்டரே?” என்றார். நாற்பதுகூடத் தேறாது என்றீர்கள் என்றேன். “தேறும், தேறும். ரெண்டும் ஒண்ணுதான். மாத்திக்கலாம்.” அண்ணன் துண்டை அவிழ்த்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா வீடு திரும்பியதும் என் பஸ்ஸில்தான். கழுத்தில் வெள்ளைக் கட்டு. ஒரு மாதத்துக்குக் குரலெழுப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடிவாரம் தாண்டி வளைவுகளில் பஸ் ஏற ஆரம்பித்ததும், அண்ணன் அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தார். விரித்து, பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி படிக்க ஆரம்பித்தார். வில்லனுக்கு ஒரு குரல் போட்டுப் பார்த்தார், இருமல் வந்தது. படகோட்டி என்ன சொன்னான் என்று மறந்துவிட்டதால், மாரமங்கலத்தில் காப்பி விலை இறங்கியதைப் பற்றி அவனைப் பேசவைத்தார். அக்கா விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார், இப்படியில்லை என்று தலையாட்டினார். “நீ சும்மா இரு புள்ள. இப்ப நாந்தான படிக்கறேன்” என்றார் அண்ணன். கடைசிப் பக்கத்தில், காற்றுப் பை படம் இருந்த இடத்தில், நாயகன் மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். ஏற்காடு வருவதற்குள் அவனும் கரையேறிவிட்டான்.

நாட்கள் போயின. ஒரு காலை மாரமங்கலத்தில் கூட்டம். நான் முன்பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, “ரெண்டு ஏற்காடுங்க தம்பி” என்று கனத்த குரல் ஒன்று கேட்டது. யாரோ புது ஆள் என்று நினைத்து, “பொறுங்கண்ணா, வர்றேன்” என்றேன். பஸ்ஸே சிரித்தது. திரும்பினால் அக்கா. கட்டு இல்லை, கழுத்தில் ஒரு கோடு மட்டும். கிழித்த டிக்கெட்டைக் கொடுக்க மறந்து அவரையே பார்த்தேன். பழைய குரல் இல்லைதான், ஆனால் குரல் இருந்தது.

“என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க?” என்றார் பக்கத்தில் இருந்த அண்ணன். “பொகை போட்டிருக்குதுங்க. இனிப் பூச்சி அண்டாது.”

அக்கா அவர் தோளில் ஒன்று போட்டுவிட்டு, என் பையைக் கண்ணால் காட்டி, வில்லன்களுக்கென்றே வைத்திருந்த, இப்போது அவருக்குச் சொந்தமாகவே ஆகிவிட்ட குரலில், புதுசா எதுவும் வந்திருக்குதுங்களா என்று கேட்டார்.